யார் தப்புன்னு சொல்ல முடியாத நெருக்கடி வந்தாதான் ஐரோப்பா ஒன்னு சேருது

நான் உயிரோட இருக்கிற வரைக்கும் ஐரோப்பாவுல கூட்டுக்கடன் (எல்லா நாடும் சேர்ந்து வாங்கி, சேர்ந்து பொறுப்பேத்துக்கிற கடன்) கிடையாதுன்னு 2012 ஜூன்ல, அப்போ ஜெர்மனியோட ஆட்சித் தலைவரா இருந்த ஏஞ்சலா மெர்க்கல் தன்னோட கூட்டணிக் கட்சி எம்.பி.க்கள்கிட்ட சொன்னதா பத்திரிகைல எல்லாம் வந்துச்சு. எட்டு வருஷம் கழிச்சு, 2020 மே 18ம் தேதி, அதே மெர்க்கல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் கூட சேர்ந்து நின்னு, ஐரோப்பிய ஒன்றியத்தோட பேர்ல 500 பில்லியன் யூரோ கடன் வாங்கி கொரோனால அடிபட்ட நாடுகளுக்கு மானியமாவே குடுத்துடலாம்னு யோசனை சொன்னாங்க (ஒரு பில்லியன்னா 100 கோடி, அப்போ இது 50,000 கோடி யூரோ). அம்மா நல்லாதான் இருக்காங்க, கூட்டுக்கடனும் வந்துடுச்சு.

நடுவுல என்ன மாறுச்சுங்கிறதுதான் விஷயம். வழக்கமா இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தரான ழான் மொனே, ஐரோப்பா நெருக்கடிகள்லதான் உருவாகும்னு சொல்லிட்டுப் போனார், ஒன்றியத்தோட தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ்ல எப்ப பிரச்சனை வந்தாலும் யாராவது ஒருத்தர் இதை மந்திரம் மாதிரி எடுத்து விடுவாங்க. எனக்கு இது பாதிதான் சரின்னு படுது. 2010ல கடன் பிரச்சனையா வந்ததும் நெருக்கடிதான், 2020ல கொரோனாவா வந்ததும் நெருக்கடிதான், ரெண்டுமே ஐரோப்பாவை இன்னும் நெருக்கமாத்தான் கட்டிப்போட்டுச்சு, ஆனா முதல் தடவை அது கண்டிப்பு, கண்காணிப்பு, சம்பள வெட்டுன்னு போச்சு, ரெண்டாவது தடவை எல்லாரும் சேர்ந்து கடன் வாங்கி பகிர்ந்துக்கலாம்னு போச்சு. என்னைக் கேட்டா பெரிய வித்தியாசம் ஒன்னுதான், முதல் தடவை பழி போட ஒரு ஆள் கிடைச்சான், ரெண்டாவது தடவை கிடைக்கல.

இதைப் புரிஞ்சுக்க யூரோவை எப்படி கட்டுனாங்கன்னு கொஞ்சம் பாக்கணும். 1992 பிப்ரவரில நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்ங்கிற ஊர்ல கையெழுத்தான ஒப்பந்தம்தான் இதோட ஜாதகம். ஒரே கரன்சி, ஒரே சென்ட்ரல் பேங்க், ஆனா வரி யாருக்கு எவ்வளவு, செலவு எதுக்கு, கடன் எவ்வளவுங்கிறது எல்லாம் அந்தந்த நாட்டு அரசாங்கத்துக்கிட்டயே இருக்கும். பிரான்சுக்கு ஜெர்மனியோட அப்போதைய நாணயமான மார்க்கோட ஆதிக்கம் தாங்கல, பொது நாணயம் வந்தாதான் வட்டி ரேட் விஷயத்துல தங்களுக்கும் ஒரு சொல் இருக்கும்னு நினைச்சாங்க. ஜெர்மனிக்கு மார்க்கை விட்டுக்குடுக்க மனசே இல்ல, அதனால வர்ற சென்ட்ரல் பேங்க் தங்க நாட்டு சென்ட்ரல் பேங்க்கான பூண்டஸ்பேங்க் மாதிரியே இருக்கணும், ஃபிராங்ஃபர்ட்லயே இருக்கணும், எந்த அரசாங்கத்துக்கும் நேரடியா காசு குடுக்கக் கூடாது, ஒரு நாட்டோட கடனுக்கு இன்னொரு நாடு பொறுப்பாகாதுன்னு எழுத்துலயே இருக்கணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மிச்சத்தை ரெண்டு நம்பர் பாத்துக்கும்னு விட்டாங்க: பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபில (நாட்டோட மொத்த வருஷ உற்பத்தில) 3 சதவீதத்துக்குள்ள, மொத்தக் கடன் 60 சதவீதத்துக்குள்ள.

அமெரிக்காவுல ஒரு மாநிலம் அடி வாங்குனா வாஷிங்டன்ல இருந்து காசு தானா வரும், அங்க மத்திய அரசோட பட்ஜெட் ஜிடிபில 20 சதவீதத்துக்கு மேல. ஐரோப்பிய ஒன்றியத்தோட பட்ஜெட் எவ்வளவுன்னா சுமார் 1 சதவீதம், அதுலயும் பெரிய பங்கு விவசாய மானியத்துக்கும் பின்தங்குன பகுதிகளுக்கும் போயிடும். அதாவது கரன்சி இருக்கு, கஜானா இல்ல. இது அரைகுறைன்னு அப்பவே எல்லாருக்கும் தெரியும், காசு ஒன்னாயிட்டா அரசியலும் பின்னாடியே வந்துடும்னு ஒரு நம்பிக்கைல ஓட்டுனாங்க.

முதல் பத்து வருஷம் எல்லாம் நல்லாவே போச்சு, நல்லா போன மாதிரி இருந்துச்சுன்னு சொல்லணும். கிரீஸ் 2001ல உள்ள வந்துச்சு, 2005 வாக்குல கிரீஸோட 10 வருஷ பாண்டுக்கும் (அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரம்) ஜெர்மனியோட பாண்டுக்கும் வட்டி வித்தியாசம் அரை சதவீதம்கூட கிடையாது, ரெண்டும் ஒரே சரக்குன்னு மார்க்கெட் முடிவு பண்ணிடுச்சு. ஜெர்மன் பேங்கும் பிரெஞ்சு பேங்கும் தெற்குப்பக்கம் காசை அள்ளி விட்டாங்க. 2003ல ஜெர்மனியும் பிரான்சுமே அந்த 3 சதவீத கோட்டைத் தாண்டுனாங்க, நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரத்துல நிதி மந்திரிங்க எல்லாரும் சேர்ந்து அதை ஓரமா தூக்கி வெச்சுட்டாங்க. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி கதைதான்.

2009 அக்டோபர்ல கிரீஸ்ல புது அரசாங்கம் வந்துச்சு, ஜார்ஜ் பாப்பாண்ட்ரு பிரதமர். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாத்தா, பற்றாக்குறை 6 சதவீதம்னு சொல்லிட்டிருந்தது 12 சதவீதத்துக்கு மேல நிக்குது, பின்னாடி அதையும் திருத்தி கடைசில 15ஐத் தாண்டுச்சு. கடன் குடுத்தவன் சும்மா இருப்பானா, வட்டி ஏற ஆரம்பிச்சுது. 2010 ஏப்ரல் 23ம் தேதி பாப்பாண்ட்ரு துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிற கஸ்தெலோரிசோன்னு ஒரு குட்டித் தீவுல, பின்னாடி நீலக்கடலும் வரிசையா வீடுங்களும் டூரிஸ்ட் போஸ்டர் மாதிரி தெரிய, டிவில பேசி நாட்டை சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். கைல ஒப்படைக்கிற அறிவிப்பை விட்டார். அந்த இடத்தை யார் செலக்ட் பண்ணாங்களோ தெரியல, கிரேக்கர்கள் இன்னைக்கு வரைக்கும் அந்தத் தீவு பேரைச் சொன்னாலே கடுப்பாவாங்க.

மே மாசம் 110 பில்லியன் யூரோ பேக்கேஜ் வந்துச்சு, 80 யூரோ நாடுகள்ல இருந்து, 30 ஐ.எம்.எஃப்.ல இருந்து. இதைக் கண்காணிக்க ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பியக் கமிஷன், ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க், ஐ.எம்.எஃப். மூணும் சேர்ந்த ஒரு கூட்டணி, அதுக்குத்தான் ட்ரொய்க்கான்னு பேரு. இந்தக் காசுல பெரும்பகுதி கிரேக்க மக்கள் கைக்கு வரல, பழைய கடனையும் வட்டியையும் கட்டவும் பேங்குகளைத் தூக்கி நிறுத்தவும்தான் போச்சு, அந்தப் பழைய கடன் யாருக்குன்னா நிறைய பிரெஞ்சு, ஜெர்மன் பேங்குகளுக்கு. ஆனா ஜெர்மன் வாசகனுக்கு அந்த வருஷம் போய்ச் சேர்ந்த கதை வேற. தீவுங்களை வித்துக் கட்டுங்கடா, அக்ரோபோலிஸையும் சேர்த்து வித்துடுங்கன்னு பில்ட் பத்திரிகை தலைப்பே போட்டுச்சு. சோம்பேறித் தெற்கு, உழைப்பாளி வடக்குன்னு ஒரு ஃப்ரேம் செட் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு முடிவும் அந்த ஃப்ரேமுக்குள்ளதான் எடுத்தாங்க.

கிரீஸ் விஷயத்துல தப்பு நடக்கலன்னு நான் சொல்ல வரல, கணக்கை மறைச்சது உண்மை, வரி வசூல் மோசம்ங்கிறதும் உண்மை. ஆனா ஸ்பெயின்? 2007ல ஸ்பெயின் அரசாங்கத்தோட கடன் ஜிடிபில சுமார் 36 சதவீதம், பட்ஜெட்ல மிச்சமே இருந்துச்சு. அயர்லாந்தோட கடன் 25 சதவீதம் பக்கம். அதே வருஷம் ஜெர்மனியோட கடன் 60 சதவீத கோட்டுக்கு மேல. ரூல்படி பாத்தா வகுப்புல நல்ல பசங்க இந்த ரெண்டு பேர்தான். அவங்களை சாய்ச்சது அரசாங்கச் செலவு கிடையாது, ரியல் எஸ்டேட்டும் அதுக்குக் கண்ணை மூடிட்டு லோன் குடுத்த தனியார் பேங்கும். 2008 செப்டம்பர் கடைசில ஒரே ராத்திரில அயர்லாந்து அரசாங்கம் தன்னோட பெரிய பேங்குகளோட கடனுக்கெல்லாம் நாங்க பொறுப்புன்னு கேரண்டி குடுத்துச்சு, 2010ல அந்த நாட்டோட பற்றாக்குறை ஜிடிபில 32 சதவீதம் வந்து நின்னுது. முப்பத்திரெண்டு, அச்சுப்பிழை இல்ல. பேங்க்காரன் போட்ட ஓட்டையை அரசாங்கம் தலைல கட்டிக்கிட்டதோட விலை அது.

இன்னொன்னையும் பாருங்க. 2011ல பிரிட்டனோட அரசுக் கடன் ஸ்பெயினை விட அதிகம், ஆனா மார்க்கெட்ல ஸ்பெயினுக்கு வட்டி 6 சதவீதம் பக்கம் போகுது, பிரிட்டனுக்கு அதுல பாதிகூட இல்ல. பெல்ஜியம் பொருளாதார நிபுணர் பால் டி க்ராவ் இதை வெச்சுத்தான் தெளிவா சொன்னார்: பிரிட்டனுக்கு சொந்தமா பவுண்ட் இருக்கு, ஆபத்துன்னா பேங்க் ஆஃப் இங்கிலாந்து பாண்டை வாங்கிடும், ஸ்பெயின் கடன் வாங்குனது யூரோவுல, அதை அச்சடிக்கிற மெஷின் மாட்ரிட்ல இல்ல. திருப்பிக் குடுக்க மாட்டான்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல வித்தா வட்டி ஏறும், வட்டி ஏறுனா நிஜமாவே திருப்பிக் குடுக்க முடியாமப் போகும், பயம்தான் பயத்தை உண்மையாக்குது. டிசைன்லயே ஓட்டை. ஆனா டிசைன் ஓட்டையை அடைக்க காசையும் அதிகாரத்தையும் பகிரணும், பாவியைத் தண்டிக்க கண்டிஷன் லிஸ்ட் போட்டு ஒரு கடுமையான மெமோராண்டம் எழுதுனா போதும், எது ஈஸின்னு சொல்லத் தேவையில்ல.

அந்த ரெண்டு வருஷம் எடுத்த முடிவுங்க சிலதைப் பாத்தா இப்பவும் தலைல அடிச்சுக்கத் தோணும். 2010 அக்டோபர்ல மெர்க்கலும் அப்போதைய பிரெஞ்சு அதிபர் சர்கோசியும் நார்மண்டில தோவில்ங்கிற கடற்கரை ஊர்ல ரெண்டு பேரும் வாக்கிங் போயிட்டு, இனிமே ஒரு நாடு மூழ்குனா கடன் குடுத்த தனியாரும் நஷ்டத்துல பங்கு எடுக்கணும்னு அறிவிச்சாங்க. நியாயமான பேச்சுதான், ஆனா கையில தடுப்பு எதுவும் இல்லாம நெருப்பு எரியுறப்போ சொன்னதால அயர்லாந்து, போர்ச்சுகல் பாண்டுகளை ஆளாளுக்கு வித்துட்டு ஓட ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசம் அயர்லாந்து 85 பில்லியனுக்குக் கை நீட்டுச்சு, 2011 மேல போர்ச்சுகல் 78 பில்லியனுக்கு. இதுக்கு நடுவுல ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் 2011 ஏப்ரல்லயும் ஜூலைலயும் வட்டியை ஏத்துச்சு, பாதி ஐரோப்பா மூச்சு வாங்கிட்டிருக்கு, இவங்க பணவீக்கத்துக்கு பயப்படுறாங்க.

அதோட நிக்கல. 2010 நவம்பர்ல சென்ட்ரல் பேங்க் தலைவர் த்ரிஷே அயர்லாந்து நிதி மந்திரிக்கு, நீங்க உதவி கேட்டு விண்ணப்பிக்கலன்னா உங்க பேங்குகளுக்குக் குடுக்கிற அவசரக் கடன் தொடராதுங்கிற அர்த்தத்துல ஒரு லெட்டர் போட்டார், அது 2014லதான் வெளிய வந்துச்சு. 2011 ஆகஸ்ட்ல இத்தாலிப் பிரதமர் பெர்லுஸ்கோனிக்கு இன்னொரு லெட்டர், பென்ஷன்ல என்ன மாத்தணும், தொழிலாளர் சட்டத்துல என்ன மாத்தணும்னு லிஸ்ட் போட்டு. நவம்பர்ல ஒரே வாரத்துல கிரீஸ்லயும் இத்தாலிலயும் பிரதமருங்க போய், பாப்பாடெமோஸ், மான்ட்டின்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க தேர்தல் எதுவும் நிக்காமலே அந்த நாற்காலில வந்து உக்காந்தாங்க. பெர்லுஸ்கோனி போனதுக்கு நான் அழ மாட்டேன். ஆனா போக வெச்சது யாருங்கிறதை இத்தாலிக்காரன் மறக்கல, பின்னாடி அங்க வந்த தேர்தல் ரிசல்ட்டுங்கள்ல அது நல்லா தெரிஞ்சுது.

தண்டனைன்னா தரை மட்டத்துல எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு விஷயம் சொல்றேன். 2013 ஜூன் 11ம் தேதி கிரீஸ் அரசாங்கம் தன்னோட சொந்த அரசு டிவியையே மூடுச்சு. மதியம் அறிவிப்பு, ராத்திரி 11 மணி சுமாருக்கு நியூஸ் ஓடிட்டிருக்கும்போதே ஸ்க்ரீன் கறுப்பாயிடுச்சு, சுமார் 2,600 பேருக்கு வேலை போச்சு, அரசு வேலைல இத்தனை பேரைக் குறைக்கணும்னு ட்ரொய்க்கா போட்ட டார்கெட்டுக்கு கணக்கு காட்டணும்ல. அதே வருஷம் மார்ச்ல சைப்ரஸ். அந்த ஊர் பேங்குங்க கிரீஸோட பாண்டுகளை நிறைய வாங்கி வெச்சிருந்தாங்க, 2012ல கிரேக்க பாண்ட் வெச்சிருந்தவங்களுக்கு முகமதிப்புல பாதிக்கு மேல வெட்டுனப்போ அந்த ஓட்டை நேரா சைப்ரஸ்ல போய் விழுந்துச்சு. அதை அடைக்க டெபாசிட்லயே கை வைக்கலாம்னு முடிவு, ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழ போட்டிருக்கிற சாதாரண ஆளுகிட்டகூட 6.75 சதவீதம் எடுத்துக்கலாம்னு ஒரு வார இறுதில பிரஸ்ஸல்ஸ்ல பேசி முடிச்சாங்க. டெபாசிட்டுக்கு ஒரு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குன்னு சட்டம் சொல்லுது, அந்தச் சட்டத்தை எழுதுன அதே ஆளுங்கதான் இதையும் எழுதுனாங்க! சைப்ரஸ் பார்லிமெண்ட்ல அதுக்கு ஆதரவா ஒரு ஓட்டுகூட விழல. அப்புறம் சின்ன டெபாசிட்டை விட்டுட்டு பெரிய டெபாசிட்டுங்களை வெட்டுனாங்க, பேங்குங்க கிட்டத்தட்ட ரெண்டு வாரம் பூட்டிக் கிடந்துச்சு.

இந்த நெருக்கடியை நிறுத்துனது எந்தத் தலைவரோட உச்சி மாநாடும் கிடையாது, ஒரு வாக்கியம். 2012 ஜூலை 26ம் தேதி லண்டன்ல ஒரு முதலீட்டாளர் கூட்டத்துல, த்ரிஷேக்கு அப்புறம் ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் தலைவரா வந்த மாரியோ திராகி, யூரோவைக் காப்பாத்த எங்க அதிகாரத்துக்குள்ள என்ன வேணாலும் செய்வோம், நம்புங்க, அது போதுமானதா இருக்கும்னு சொன்னார். செப்டம்பர்ல அதுக்கு ஒரு திட்டமும் அறிவிச்சாங்க, ஆபத்துல இருக்கிற நாட்டோட பாண்டை அளவு வெக்காம வாங்குவோம்னு. இன்னைக்கு வரைக்கும் அந்தத் திட்டத்துல ஒரு யூரோகூட செலவாகல, சொன்னதுக்கே வட்டி இறங்கிடுச்சு. டி க்ராவ் சொன்னதுதான் சரின்னு இதை விட எப்படி நிரூபிக்கிறது, பிரச்சனை முழுக்க ஸ்பெயின்காரனோட சோம்பேறித்தனமா இருந்தா ஒரு ஸ்பீச்ல வட்டி இறங்கியிருக்குமா?

ஆனா இதுல ஒரு சங்கடம் இருக்கு. ஐரோப்பாவோட தலையெழுத்தை மாத்துன அந்த முடிவை எடுத்தது யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத ஒரு அமைப்பு. அரசியல்வாதிங்க செய்ய பயந்ததை சென்ட்ரல் பேங்க் செஞ்சுது, அது செஞ்சதால அரசியல்வாதிங்க செய்ய வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. கட்டுமானம்னு பாத்தா அந்தக் காலத்துல நிறைய கட்டுனாங்கதான், 2012ல 500 பில்லியன் வரைக்கும் கடன் குடுக்கக்கூடிய ஒரு நிரந்தர மீட்பு நிதி லக்சம்பர்க்ல வந்துச்சு, 2014 நவம்பர்ல இருந்து பெரிய பேங்குகளை எல்லாம் சென்ட்ரல் பேங்கே நேரடியா கண்காணிக்குது, பட்ஜெட்டை பார்லிமெண்ட்ல நிறைவேத்துறதுக்கு முன்னாடி அதோட வரைவை பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பணும். எல்லாம் மேற்பார்வை. பகிர்ந்துக்க வேண்டிய ஒரே ஐட்டம், யூரோ நாடு எதுல பேங்க் மூழ்குனாலும் டெபாசிட்டுக்கு எல்லாரும் சேர்ந்து இன்சூரன்ஸ்ங்கிற பொது காப்பீடு, 2015 நவம்பர்ல கமிஷன் அதை முன்வெச்சுது, இன்னும் அப்படியே கிடக்கு. நம்ம பக்கம் யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டவங்க கதை எல்லா குடும்பத்துலயும் ஒன்னு இருக்கும், பெர்லினுக்கும் நெதர்லாந்து அரசாங்கம் இருக்கிற ஹேக்குக்கும் உள்ள பயம் அதே பயம்தான், அதைக் கேலி பண்ண முடியாது. இத்தாலி பேங்க்ல என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படி கையெழுத்து போடுறதுன்னு கேக்குறாங்க, கையெழுத்து போட்டாதான் அந்த பேங்க் தப்பிக்கும்னு இத்தாலி சொல்லுது.

2015ல கிரீஸ் இந்த ஃப்ரேமையே உடைக்கப் பாத்துச்சு. சிரிசா கட்சி ஜெயிச்சு சிப்ராஸ் பிரதமரானார், கடனைக் குறைங்கன்னு அஞ்சு மாசம் சண்டை, ஜூன் கடைசில பேங்குங்க மூடுனாங்க, ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோதான்னு ரூல். 20 யூரோ நோட்டு தீர்ந்து போன மெஷின்ல 50 மட்டும்தான் வரும், ரூல்ல 60 கையில 50. ஜூலை 5ம் தேதி ரெஃபரெண்டம்ல 61 சதவீதம் பேர் ட்ரொய்க்கா கண்டிஷனுக்கு வேணாம்னு ஓட்டுப் போட்டாங்க. ஒரு வாரத்துல பிரஸ்ஸல்ஸ்ல 17 மணி நேரம் விடிய விடிய மாநாடு, மேஜை மேல ஜெர்மன் நிதி மந்திரி ஷொய்ப்ளவோட ஒரு பேப்பர், கிரீஸ் அஞ்சு வருஷம் யூரோவை விட்டு வெளிய இருந்துட்டு வரட்டும்னு. விடியக்காலைல சிப்ராஸ் அதை விடக் கடுமையான கண்டிஷனுக்கு கையெழுத்து போட்டுட்டு வந்தார், 86 பில்லியன். இத்தனைக்கும் கிரேக்கர்கள்ல பெரும்பான்மை யூரோவை விட்டுப் போகணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. ஜிடிபில கால்வாசி கரைஞ்சு, நாலுல ஒருத்தருக்கு மேல வேலை இல்லாம இருந்த நாடு அது. இன்னொரு பக்கம் லாட்வியா 2014ல, லித்துவேனியா 2015 ஜனவரில, இந்தக் கூத்து நடந்துட்டிருக்கும்போதே வரிசைல நின்னு யூரோவுக்குள்ள வந்தாங்க. உடைஞ்சிடும் உடைஞ்சிடும்னு ஆரூடம் சொன்ன லண்டன், நியூயார்க் நிபுணருங்க கணக்குல விட்டது இதைத்தான், யூரோங்கிறது நிறைய பேருக்கு பொருளாதாரக் கணக்கு இல்ல, எந்தப் பக்கம் சேர்ந்தவங்கங்கிற கேள்வி.

அப்புறம் 2020. முதல் மூணு வாரம் பழைய படமே ஓடுச்சு. மார்ச் 12ம் தேதி, இத்தாலில சாவு எண்ணிக்கை ஏறிட்டிருக்கு, சென்ட்ரல் பேங்க் தலைவர் லகார்ட் நாடுகளோட வட்டி வித்தியாசத்தைக் குறைக்கிறது எங்க வேலை இல்லன்னு வாய் விட்டாங்க, இத்தாலியோட வட்டி ஒரே நாள்ல எகிறிடுச்சு, ஆறு நாள்ல 750 பில்லியன் பாண்ட் வாங்குற திட்டத்தோட வந்து சமாளிச்சாங்க. டச்சு நிதி மந்திரி ஹூக்ஸ்ட்ரா, சில நாடுகள்கிட்ட ஏன் சமாளிக்க காசு இல்லன்னு விசாரிக்கணும்னு ஆரம்பிச்சார். 2010ல இது சாதாரணப் பேச்சு. இந்தத் தடவை போர்ச்சுகல் பிரதமர் கோஸ்டா, இது அருவருப்பான பேச்சுன்னு மைக் முன்னாடியே போட்டு உடைச்சார், ஹூக்ஸ்ட்ராவும் கொஞ்ச நாள்ல கொஞ்சம் பரிவோட பேசியிருக்கலாம்னு இறங்கி வந்தார். இத்தாலில பெர்காமோங்கிற ஊர்ல ராணுவ லாரில சவப்பெட்டி போறதை டிவில பாத்தவன்கிட்ட இத்தாலிக்காரன் சோம்பேறின்னு சொல்லி எடுபடுமா. வைரஸுக்கு பட்ஜெட் தெரியாது.

வேற காரணமும் இருந்துச்சு, எல்லாத்தையும் மனசு மாறுன கதையா ஆக்க வேணாம். பிரிட்டன் ஜனவரிலயே வெளிய போயிருந்துச்சு, காசு விஷயத்துல முட்டுக்கட்டை போடுற பெரிய ஆளு இல்ல. வட இத்தாலி ஃபேக்டரி நின்னா ஜெர்மன் கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் வராது. ரொம்ப பேர் கவனிக்காத ஒன்னு, மே 5ம் தேதி கார்ல்ஸ்ரூஹேல இருக்கிற ஜெர்மன் அரசியல் சாசனக் கோர்ட், சென்ட்ரல் பேங்க் பாண்ட் வாங்குறதுல எல்லை மீறிடுச்சுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. சரியா 13 நாள் கழிச்சுத்தான் மெர்க்கல்-மக்ரோன் அறிவிப்பு. சென்ட்ரல் பேங்க் பின்னாடி ஒளிஞ்சுக்கிற வழி அடைபட்டா அரசாங்கமே முன்னாடி வரணும், வேற என்ன.

ஜூலை 17ல இருந்து 21 விடியக்காலை வரைக்கும் சண்டை போட்டு, நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் நாலும் மானியத்தைக் குறைச்சே தீரணும்னு உக்காந்து, கடைசில 750 பில்லியன்ல முடிஞ்சுது, 390 மானியம், 360 கடன். இத்தாலிக்குத்தான் பெரிய பங்கு. 2021 ஜூன்ல முதல் பாண்ட் வித்தாங்க. அப்போ ஜெர்மன் நிதி மந்திரியா இருந்த ஷோல்ஸ், 1790ல அமெரிக்காவுல மாநிலங்களோட கடனை மத்திய அரசு ஏத்துக்கிட்டதை, அதாவது அப்போதைய அமெரிக்க நிதி மந்திரி ஹாமில்டனோட காலத்தை இதோட ஒப்பிட்டுப் பேசுனார். எனக்கு அது ஓவர்னு தோணுது. ஹாமில்டன் பழைய கடனை ஏத்துக்கிட்டார், அதைக் கட்ட மத்திய வரியும் இருந்துச்சு. இங்க பழைய கடன் ஒரு பைசா பொதுவாகல, வரி கிடையாது, ஒரே ஒரு தடவைதான்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டுத்தான் நாலு பேரும் சம்மதிச்சாங்க.

பழி ஃப்ரேம் எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு 2022 ஒரு நல்ல காமெடி. ரஷ்யா கேஸ் பைப்பை திருகுனதும் மாட்டுனது ஜெர்மனி, எல்லா நாடும் கேஸ் உபயோகத்தை 15 சதவீதம் குறைச்சு ஒத்துழைங்கன்னு கமிஷன் கேட்டுச்சு. ஸ்பெயின் மந்திரி தெரேசா ரிபேரா, மத்த நாடுங்க மாதிரி ஸ்பெயின் எனர்ஜி விஷயத்துல வரவுக்கு மீறி வாழலன்னு சொன்னாங்க. வரவுக்கு மீறி வாழ்றீங்கன்னு பத்து வருஷம் கேட்ட டயலாக்கை அப்படியே திருப்பி அனுப்புனதுல மாட்ரிட்ல எத்தனை பேர் விசிலடிச்சிருப்பாங்களோ. ஜெர்மனி என்ன பண்ணுச்சு, தனியா 200 பில்லியன் யூரோ ஒதுக்கி தன்னோட மக்களையும் கம்பெனிகளையும் பாத்துக்கிச்சு. காசு இருக்கிறவன் தனியா தப்பிச்சுக்கிட்டான், கூட்டுக்கடன் பேச்சு எடுபடல. இங்க யார் தப்புன்னு சொல்ல ஆள் இருந்துச்சு பாருங்க, ஆனா அந்த ஆள்கிட்டதான் பணமும் இருந்துச்சு.

அடுத்தது எங்க வெடிக்கும்னு கேட்டா பிரான்ஸைத்தான் எல்லாரும் பாக்குறாங்க. 2024ல பற்றாக்குறை 5.8 சதவீதம், கடன் 113 சதவீதம் பக்கம், தொகையா 3,300 பில்லியன் யூரோ. லக்சம்பர்க்ல இருக்கிற மீட்பு நிதியோட மொத்த சக்தி 500 பில்லியன்னு ஏற்கனவே சொன்னேன். பட்ஜெட் விஷயத்துலயே 2024 டிசம்பர்ல பார்னியே அரசாங்கம் கவிழ்ந்துச்சு, 2025 செப்டம்பர்ல பைரூ அரசாங்கம். பென்ஷன் வயசை 62ல இருந்து 64 ஆக்குனதுக்கு தெருவுல வந்த கூட்டத்தை உலகமே பாத்துச்சு, அதனால 2010 மாதிரி ஒரு ஃப்ரேம் போட வடக்குப்பக்கம் சரக்கு ரெடியா இருக்கு. 2024 கடைசில பிரான்ஸோட 10 வருஷ வட்டி கிரீஸோட வட்டிக்கு சமமா வந்து நின்னுதுங்கிறதை 2012ல யாராவது சொல்லியிருந்தா பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க.

சென்ட்ரல் பேங்க்கிட்ட 2022ல இருந்து இன்னொரு ஆயுதம் இருக்கு, நியாயமே இல்லாம ஒரு நாட்டோட வட்டி ஏறுனா பாண்ட் வாங்கிக்கலாம், ஆனா அந்த நாடு ஐரோப்பிய பட்ஜெட் ரூலை ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கணும்னு கண்டிஷன். பிரான்ஸ் 2024 ஜூலைல இருந்து அதிகப் பற்றாக்குறைக்கான நடவடிக்கைல இருக்கு. ரூலை அப்படியே படிச்சா உதவி கிடைக்கிறது கஷ்டம், படிக்காம விட்டா கிரீஸ்காரன் சும்மா இருக்க மாட்டான், ஜெர்மனில 2013லயே யூரோவை எதிர்த்துத் தொடங்கி இன்னைக்கு பார்லிமெண்ட்ல ரெண்டாவது பெரிய கட்சியா உக்காந்திருக்கிற ஏ.எஃப்.டி.யும் சும்மா இருக்காது. என்னோட கணிப்பு, பிரான்ஸை கிரீஸ் மாதிரி யாரும் நடத்த மாட்டாங்க, நடத்தவும் முடியாது, ரூலுக்கு ஒரு புது விளக்கம் ராத்திரி மூணு மணிக்குப் பிறக்கும்.

நடுவுல கூட்டுக்கடன் இன்னொரு கதவு வழியா நைஸா உள்ள வந்துட்டிருக்கு, பாதுகாப்புச் செலவு. 2025 மேல நாடுகள் ஆயுதம் வாங்க ஒன்றியத்தோட பேர்ல 150 பில்லியன் கடன் எடுத்துக் குடுக்கிற திட்டத்துக்கு ஓகே ஆச்சு, ஒரே ஒரு தடவைன்னு சொல்லி அஞ்சு வருஷம்தான் ஆயிருந்துச்சு. மாஸ்கோவை சோம்பேறித் தெற்குன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல. அதே ஐரோப்பாவுல, 2024 செப்டம்பர்ல திராகி ஒரு ரிப்போர்ட் குடுத்து, அமெரிக்காவும் சீனாவும் முந்திட்டுப் போறாங்க, வருஷத்துக்கு 750ல இருந்து 800 பில்லியன் கூடுதல் முதலீடு வேணும், கொஞ்சம் கூட்டுக்கடனும் வேணும்னு சொன்னப்போ ஜெர்மன் நிதி மந்திரி லிண்ட்னர் அன்னைக்கே முடியாதுன்னுட்டார். உற்பத்தித் திறன் குறையுறது யாரையும் ராத்திரி எழுப்பாது.

2020 கடனோட அசலை 2028ல இருந்து திருப்பிக் கட்டணும், 2058 வரைக்கும், அடுத்த பட்ஜெட் காலத்துல மட்டும் வட்டியும் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 25 பில்லியன். எந்த வரில இருந்துன்னு கடன் வாங்குனப்போ முடிவு பண்ணல, 2028-34 பட்ஜெட் பேச்சுவார்த்தைலதான் அதுக்கு சண்டை. 2027ல பிரான்ஸ்ல அதிபர் தேர்தல், மக்ரோன் மறுபடி நிக்க முடியாது, லே பென்னோட தீவிர வலதுசாரிக் கட்சி முதல் சுற்று சர்வேங்கள்ல முன்னாடி நிக்குது, யூரோவை விட்டு வெளிய போறோம்ங்கிற கோஷத்தை அவங்க 2017 தோல்விக்கு அப்புறம் விட்டுட்டாங்க, ஆனா பிரஸ்ஸல்ஸுக்கு கட்டுற காசைக் குறைப்போம்ங்கிறதை விடல. அசல் கட்ட வேண்டிய முதல் வருஷமும் பாரிஸ்ல புது ஆளோட முதல் பட்ஜெட்டும் கிட்டத்தட்ட ஒன்னா வரப்போகுது.